ஆறாம் பாரா

அந்தக் கவரை அப்படி நாலாக மடித்துப் பையில் திணிக்காதீர்கள், அம்மிணி. உள்ளே இருப்பது நகல்தான். ஆனாலும் இனிமேல் உங்களுக்கு எல்லாமே அதுதான். உட்காருங்கள், இந்த பெஞ்சில் இன்னொரு ஆளுக்கு இடம் இருக்கிறது. பதினொன்றரை வாக்கில் என் பேரைக் கூப்பிடுவார்கள். அதுவரைக்கும் எனக்கும் வேலை இல்லை.

கோர்ட்டுக்கு முதல் தடவைதானே? பார்த்தாலே தெரிகிறது. முதல் தடவை வருகிறவர்கள் வேப்பமரத்தடியில் நின்று கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பழகியவர்கள் நேரே ஜெராக்ஸ் கடைக்குப் போய்விடுவார்கள்.

மேலே இருக்கிற ஒற்றைத் தாள் சம்மன். இன்ன தேதிக்கு நேரிலோ வக்கீல் வைத்தோ வந்து பதில் சொல்லவேண்டும் என்று இருக்கும். அதோடு சேர்த்துத் தைத்திருப்பது பிராது. உங்கள் மேல் கேஸ் போட்டவர் சொல்கிற கதை அது. யார் போட்டது? நாத்தனாரா? சரி, யாராக இருந்தால் என்ன. பயப்படாமல் படியுங்கள். அதில் இருப்பது தீர்ப்பு இல்லை. அவர் சொல்வது மட்டும்தான். நான் எட்டாவது வரைக்கும் படித்தவன், எனக்கே புரிந்தது. ஒவ்வொரு பாராவுக்கும் நம்பர் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு நம்பருக்கும் நீங்கள் பதில் எழுதிக் கொடுக்கவேண்டும். அதற்கு எதிருரை என்று பேர். முப்பது நாள் கொடுப்பார்கள். கெஞ்சினால் தொண்ணூறு.

ஒரு பாராவைக்கூட விட்டுவிடாதீர்கள். அதைச் சொல்லத்தான் உங்களை உட்காரச் சொன்னேன்.

நான் ஒரு பாராவை விட்டேன். ஒரே ஒரு பாரா. வீடு போய்விட்டது. இல்லை, இன்னும் போகவில்லை, அப்படிச் சொல்லக்கூடாது. இன்றைக்கு என் பக்கத்திலிருந்து மனு போகாவிட்டால், பூட்டை உடைத்து வீட்டை எடுத்துக்கொள்ளலாம் என்று உத்தரவு ஆகிவிடும். கோர்ட் சிப்பந்தி, அமீனா என்பார்கள், அவர் ஏற்கெனவே ஒரு தடவை வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். எழுபத்தொரு வயது எனக்கு. பிள்ளை குட்டி கிடையாது. ஒரு டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்று நான்கு நாளாக யோசிக்கிறேன். ஒரு இடமும் தோன்றவில்லை, அம்மிணி.

என் பேர் அர்த்தனாரி. பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தேன். முப்பத்து நான்கு வருடம். பிரைவேட் பஸ் எல்லாம் என் மேசைக்கு வந்து நேரம் போட்டுக்கொண்டுதான் கிளம்பவேண்டும். ஒன்பது பத்துக்கு எடுக்கவேண்டிய வண்டி ஒன்பது பன்னிரண்டுக்கு எடுத்தால் பின்னால் வருகிற வண்டிக்காரன் சண்டைக்கு வந்துவிடுவான். அதனால் நான் ஒரு நிமிடம்கூடத் தாட்சண்யம் பார்க்கமாட்டேன். "அர்த்தனாரியண்ணன் செத்தா, கூட்டிட்டுப் போக வர்ற எமனுக்கே ரெண்டு நிமிஷம் லேட்டுன்னு எழுதுவாப்புல" என்று டிரைவர்கள் என் காதுபடவே சொல்வார்கள். நான் சிரிக்கமாட்டேன். ஆனால் ஒரு நாளும் பொய்யாக ஒரு நிமிடம் எழுதியதில்லை. அதை என் எதிரியும் சொல்வான்.

என் எதிரி என்று இப்போது இருப்பது குழந்தைவேலு. என் மனைவியின் தம்பி. கேஸ் போட்டது அவன்தான். கெட்டவன் என்று சொல்லமுடியாது. மனை என் மாமனார் பாவாயிக்கு எழுதிக்கொடுத்தது. பாவாயி என்றால் என் மனைவி, மூன்று வருடத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டாள். மனையின் மேல் வீடு கட்டியது நான். ஆனால் எல்லாம் அவள் பேரில்தான் இருந்தது. கடைசி இரண்டு வருடம் அவள் தம்பி வீட்டில் இருந்தாள். அங்கே இருக்கும்போது வீட்டை அவன் பேருக்கு உயில் எழுதிவிட்டாளாம். அதை வைத்துத்தான் கேஸ்.

பிராது வந்த அன்றைக்கே கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் பென்சில். ஒன்று, இரண்டு, ஆள் விலாசம். சரி. மூன்று, மனை மாமனார் கொடுத்தது. சரி. நான்கு, வீட்டையும் அவர்களே கட்டினார்கள் என்று. பொய், ஓரத்திலேயே எழுதினேன். ஐந்தும் பொய். ஏழு, உயில். அப்போது அவளுக்கு உடம்பு சரியில்லை, சுயநினைவில் எழுதினாளா என்று சந்தேகம், அதையும் எழுதினேன். ஆறு மட்டும் எழுதவில்லை.

ஆறாம் பாரா எனக்கு மனப்பாடம். "மேற்படி பிரதிவாதி தன் மனைவி பாவாயி அவர்களிடம் தொடர்ந்து முப்பத்தோரு நாட்கள் ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்து, அவரைத் தீராத மன வேதனைக்கு ஆளாக்கி, வீட்டை விட்டு வெளியேறும் நிலைக்குத் தள்ளினார்."

இதற்கு என்ன எழுதுவீர்கள், சொல்லுங்கள்?

நான் கையை ஓங்கியவன் இல்லை. ஒரு கெட்ட வார்த்தை பேசியதில்லை. குடி கிடையாது. எங்கள் தெருவில் விசாரித்துப் பாருங்கள், எங்கள் வீட்டில் சத்தம் கேட்டதாக ஒருத்தரும் சொல்லமாட்டார்கள். வீட்டுக்கென்று நான் ஒரு ஒழுங்கு வைத்திருந்தேன், அவ்வளவுதான். பஸ் ஸ்டாண்டில் மீந்துபோகிற பதிவேடு ஒன்றைக் கொண்டுவந்து வைத்திருந்தேன். அதில் கட்டம் போட்டே அச்சடித்திருக்கும். தேதி, புறப்பட்ட நேரம், வரவேண்டிய நேரம், வந்த நேரம், கடைசியில் குறிப்பு. பாவாயி வெளியே போனால் எத்தனை மணிக்கு வருவேன் என்று சொல்லிவிட்டுப் போகவேண்டும். வந்ததும் நான் எழுதுவேன். தாமதமாக வந்தால் திட்டுவது கிடையாது. ஒரு நிமிடத்துக்கு ஒரு நாள் பேசமாட்டேன். ஐந்து நிமிடம் என்றால் ஐந்து நாள். ஆறாவது நாள் நானே கூப்பிட்டுப் பேசிவிடுவேன். கணக்கு முடிந்துவிட்டால் மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளமாட்டேன். இதில் என்ன கொடுமை இருக்கிறது?

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

குறிப்புக் கட்டத்தை மட்டும் நான் காலியாகவே விட்டுவிடுவேன். பஸ் ஸ்டாண்டிலும் அப்படித்தான். காரணம் சொல்லாத டிரைவர் உண்டா? டயர் பஞ்சர், ரயில்வே கேட், ஆடு குறுக்கே வந்தது. அதையெல்லாம் எழுத ஆரம்பித்தால் பதிவேடு போதாது. வந்த நேரம்தான் நிஜம்.

ஒரு நாள் பன்னிரண்டரைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவள் ஒன்று பத்துக்கு வந்தாள். நாற்பது நிமிடம். அத்தனை தாமதம் அதற்கு முன்னால் வந்ததே இல்லை. தம்பி வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்திருப்பாள் என்று நினைத்தேன். எழுதிவைத்தேன், நாற்பது என்று. அந்த நாட்களில் இரண்டு மூன்று தடவை "ஒண்ணு சொல்லோணுங்க" என்று எதிரில் வந்து நின்றாள். நான் பேப்பரை மடிக்கவில்லை. முப்பத்தோராவது நாள் சாயந்திரம் நான் டீ குடிக்கப் போய்விட்டு வந்து பார்த்தால் வீடு பூட்டியிருந்தது. சாவி பக்கத்து வீட்டில்.

இன்னும் ஒன்பது நாள்தான், அம்மிணி. ஒன்பது நாள் பொறுத்திருந்தால் நானே பேசியிருப்பேன்.

நான் போய்க் கூப்பிடவில்லை. கணக்குப்படி நான் பேசக்கூடாத நாட்கள் அவை. நாற்பது முடிந்த மறுநாள் காலையில் சவரம் செய்துகொண்டு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வீட்டிலேயே இருந்தேன். வந்தால் பேசலாம் என்று. அவள் வரவில்லை. அப்புறம் அது அப்படியே இரண்டு வருடம் ஆகிவிட்டது.

சாவுக்குப் போனேன். போகாமல் இருப்பேனா? குழந்தைவேலுதான் வாசலில் வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனான். "இப்பவாச்சும் அக்காகிட்ட ஒரு வார்த்தை பேசுங்க, மாமா" என்றான். அத்தனை பேர் இருக்கிற இடத்தில் என்ன பேசுவது? மாலையைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

வக்கீலா? வைத்தேன், வைத்தேன். வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தேன். வக்கீல் என்று ஒருவரை நியமித்திருக்கிறேன் என்று கொடுக்கிற தாள் அது, நீங்களும் போடவேண்டியிருக்கும். அந்த வக்கீலம்மா சின்ன வயது, ஆனால் நல்ல கெட்டிக்காரி. நான் ஓரத்தில் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, "பெரியவரே, பாதி வேலைய நீங்களே முடிச்சிட்டீங்க" என்றார். அப்புறம் ஆறாம் பாராவில் விரலை வைத்தார்.

"இது ஏன் காலியா இருக்கு?"

"அத விட்டுருங்கம்மா."

"விடமுடியாது. மூணு பதில்தான் உண்டு. உண்மைன்னு ஒத்துக்கலாம். பொய்யின்னு மறுக்கலாம். தெரியாது, வாதியே நிரூபிக்கட்டும்னு சொல்லலாம். இது உங்க வீட்டுக்குள்ள நடந்தது. தெரியாதுன்னு நீங்க சொன்னா ஜட்ஜ் சிரிப்பாரு. ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க."

"ஒண்ணும் சொல்லலைன்னா?"

"பேசாம இருந்தா ஒத்துக்கிட்டதா அர்த்தம். சட்டமே அப்படித்தான்."

வீட்டுக்குக் கொண்டுபோய் யோசித்து எழுதிக்கொண்டு வருகிறேன் என்று தாளை வாங்கிக்கொண்டு வந்தேன். வந்தவன் திரும்பிப் போகவில்லை. தினமும் காலையில் மேசையில் விரிப்பேன். பொய் என்று எழுதப் பென்சிலை எடுப்பேன், எழுதமுடியாது. முப்பத்தோரு நாள் என்பது சரியான கணக்கு. உண்மை என்று எழுதினால் வீடு போய்விடும். மத்தியானம் ஆகிவிடும், மடித்து வைத்துவிடுவேன். வக்கீலம்மாவின் குமாஸ்தா மாதையன் மூன்று தடவை ஆள் அனுப்பினார். போன் செய்தார். மணி அடிக்கும், அடித்து நிற்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பேன். முப்பது நாள் போனது, தொண்ணூறும் போனது. எதிருரை வரவில்லை என்று என்னை எக்ஸ்பார்ட்டி ஆக்கிவிட்டார்கள். அப்படியென்றால் நான் இல்லாமலே கேஸை நடத்தித் தீர்ப்புச் சொல்லிவிடுவது. ஒரே வாய்தாவில் முடிந்துவிட்டது. குழந்தைவேலு பக்கம் தீர்ப்பு.

அமீனா வந்த பிறகுதான் ஓடிவந்தேன். அந்தத் தீர்ப்பை ரத்து செய்யுங்கள் என்று கேட்க முப்பது நாள் உண்டாம். நான் அதற்கும் மேலே நாற்பத்தேழு நாள் தாமதம். தாமதத்தை மன்னிக்கும்படி தனியாக ஒரு மனு. அதில் ஒவ்வொரு நாளுக்கும் காரணம் சொல்லவேண்டுமாம். டைம் கீப்பரிடம் சொல்கிறார்கள், பாருங்கள்.

மாதையன் கேட்கவே இல்லை. அவரே எழுதிவிட்டார். "மனுதாரர் மஞ்சள் காமாலையால் பாதிக்கப்பட்டு, நாட்டு மருந்து சாப்பிட்டு, பத்தியத்தில் படுத்த படுக்கையாக இருந்தபடியால்." எனக்குக் காமாலை வந்ததே கிடையாது என்றேன். "இங்க யாருக்குத்தானுங்க வந்துச்சு? இந்தக் கோர்ட்டுல இருக்கிற மன்னிப்பு மனுவையெல்லாம் ஒண்ணாச் சேத்தா ஊர்ல பாதிப் பேரு கண்ணு மஞ்சளாத்தான் இருக்கோணும். நாட்டு மருந்துன்னா சர்டிபிகேட் கேக்கமாட்டாங்க, பாத்துக்குங்க" என்றார். மனுவோடு எதிருரையும் இன்றைக்கே சேர்ந்து போகவேண்டும். ஆறாம் பாராவைத் தவிர எல்லாம் டைப் அடித்தாகிவிட்டது. மூன்று விரல் அகலத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள். "கேஸ் கூப்பிடறதுக்குள்ள ஒரு முடிவச் சொல்லிப்போடுங்க" என்று சொல்லிவிட்டு என் பேனாவையும் எடுத்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறார். உங்கள் பேனாவைக் கொஞ்சம் கொடுங்கள்.

இன்னொன்று சொல்லவேண்டும். பிராதின் கடைசிப் பக்கத்தைப் படித்தீர்களா? யாரும் படிப்பதில்லை. நானும் படிக்கவில்லை. அதில் ஆவணப் பட்டியல் என்று இருக்கும். கேஸ் போட்டவர் என்னென்ன காகிதத்தைக் கோர்ட்டில் கொடுத்திருக்கிறார் என்று. போன வாரம்தான் பார்த்தேன். ஒன்று, மனைப் பத்திரம். இரண்டு, உயில். மூன்று, இறப்புச் சான்று. நான்கு, "பிரதிவாதி கைப்பட எழுதிய பதிவேடு."

என் பதிவேடு. ஐந்து வருடமாக அதை டிரங்குப் பெட்டியில், பரணில், எல்லா இடத்திலும் தேடிக்கொண்டிருக்கிறேன். போகும்போது அவள் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

நகல் பிரிவில் மனுப் போட்டு அதன் நகலை வாங்கினேன். இதோ மடியில் இருக்கிறது. என் கையெழுத்து, என் நேரம், ஒரு எண்கூட மாறவில்லை. ஆனால் குறிப்புக் கட்டம் காலியாக இல்லை. அங்கே போய் உட்கார்ந்து அந்த இரண்டு வருடத்தில் அவள் எழுதியிருக்கிறாள். பென்சிலில். நகலில் சரியாக விழவில்லை, வெயிலில் பிடித்தால் தெரியும். பாருங்கள். "நான்கு நிமிடம்", அதற்கு நேரே, "கேட் சாத்தியிருந்தது." "ஏழு நிமிடம்", "பஸ்ஸில் கூட்டம், ஏறமுடியவில்லை." இது, "மாரியம்மன் கோயிலில் சும்மா உட்கார்ந்திருந்தேன்." இது, "வீட்டுக்கு வரப் பிடிக்கவில்லை." பக்கம் பக்கமாக. ஒரு கட்டத்தைக்கூட விடவில்லை.

கடைசி வரி இதுதான். நாற்பது நிமிடம். நேரே எழுதியிருக்கிறாள், படியுங்கள். எனக்கு இந்த வெளிச்சத்தில் சரியாகத் தெரியவில்லை.

ஆமாம். "பெரிய ஆஸ்பத்திரி. வயிற்றில் கட்டி என்றார்கள். டாக்டர் வர நேரமாகிவிட்டது. அன்றைக்கே சொல்லலாம் என்றுதான் வந்தேன்."

அவள் அதைச் சொல்லியிருக்கலாம், அம்மிணி. நான் பேசமாட்டேன் என்றுதான் இருந்தேன். என் காது கேட்டுக்கொண்டுதானே இருந்தது. எதிரில் வந்து நின்றவள் ஒரே மூச்சில் சொல்லியிருக்கலாம். பேப்பர் என்ன, மலையா? தள்ளிவிட்டுச் சொல்லியிருக்கலாம். நான்தான் என்ன செய்வது, நாற்பது என்று எழுதியாகிவிட்டதே.

அவள் ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதியிருக்கிறாள். எனக்கு இந்த நாற்பத்தேழு நாளுக்குக் காமாலையைத் தவிர ஒன்றும் இல்லை.

என்ன கேட்டீர்கள்? ஆறாம் பாரா உண்மையா என்றா?

யாரும் இப்படி நேராகக் கேட்டதில்லை. வக்கீலம்மாகூட எது வசதி என்றுதான் கேட்டார். முப்பத்தோரு நாள். உண்மைதான். பாருங்கள், உங்களிடம் சொல்லிவிட்டேன். ஒன்றும் ஆகிவிடவில்லை.

அதோ மாதையன் வருகிறார்.

"என்னுங்க, முடிவு பண்ணீட்டீங்களா? உங்களுக்கு முன்னால ஒரு கேஸ்தான் இருக்குது. 'முற்றிலும் மறுக்கப்படுகிறது'ன்னு நானே எழுதிப்போடட்டா?"

முதலில் காமாலைத் தாளைக் கொடுங்கள். கையெழுத்து எங்கே போடவேண்டும்? இங்கேயா? முப்பத்து நான்கு வருடத்தில் எழுதாத பொய். போட்டுவிட்டேன். அது என்னைப் பற்றியது, இருந்துவிட்டுப் போகட்டும். எதிருரையை இப்படி நீட்டுங்கள். இந்த இடம் தானே?

"என்ன எழுதறீங்க? ஐயோ, ஒத்துக்கிட்டா உயிலுக்குப் பலம் சேந்துருமுங்க. புருசன் கைவிட்டான், தம்பி பாத்துக்கிட்டான், அதனால அக்கா வீட்ட எழுதி வெச்சாங்கன்னு நேராப் போயிரும். நெனச்சுப் பாத்துட்டு எழுதுங்க."

நினைத்துப் பார்த்துத்தான் நாள் போய்விட்டது, மாதையா. என் கையால் போட்ட நேரத்தை நானே பொய் என்று எப்படிச் சொல்வது? எழுதிவிட்டேன். "ஆறாம் பாரா உண்மை. முப்பத்தோரு நாள். அதற்கு மேல் அவள் வீட்டில் இல்லை." இவ்வளவுதான் இடம் இருந்தது.

"வக்கீலம்மா என்னைத்தான் வைவாங்க. வீடு நிக்கிறது சந்தேகம், சொல்லிப்போட்டேன். பக்கத்துல என்னுங்க அது, பதினொண்ணு இருவத்தெட்டுன்னு?"

பழக்கம். இருக்கட்டும், அடிக்காதீர்கள். கொண்டுபோய்க் கொடுங்கள்.

உங்கள் பேனா, அம்மிணி. மூடியைத் திருகிப் பூட்டுங்கள், இல்லாவிட்டால் பையெல்லாம் மை ஆகும். முப்பது நாள் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். இன்றைக்கே வீட்டுக்குப் போய் முதல் பாராவிலிருந்து ஆரம்பியுங்கள். எது உங்களுக்கு எழுதப் பிடிக்கவில்லையோ அதை முதலில் எழுதுங்கள்.

கேட்கிறதா? டவாலி கூப்பிடுகிறார். என் பேர்தான். மூன்று தடவை கூப்பிடுவார்கள். மூன்றாவதற்குள் பதில் சொன்னால் போதும், அதுவரைக்கும் நேரம் இருக்கிறது.

இருக்கேனுங்க. இங்கதான் இருக்கேன்.